சைலன்சர் மாத்தப் போறீங்களா, வாரண்டி பயமா: நம்ம ஒர்க்‌ஷாப்ல இருந்து ஒரு மடல்

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா வாட்ஸப்ல வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. "விர்ட்டஸ் ஜிடி எடுத்துருக்கேன், எக்ஸாஸ்ட் மாத்துனா வாரண்டி போயிருமா?" "ஐ20 என் லைன், சத்தம் பத்தல, என்ன போடலாம்?" "செகண்ட்ஸ்ல ஆக்டேவியா விஆர்எஸ் வாங்கிருக்கேன், முன்னாடி வச்சிருந்த ஆளு டவுன்பைப் போட்டுருக்காரு, இப்ப என்ன செய்ய?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் அடிச்சி மாளல, அதான் மொத்தமா எழுதிருதோம். முதல்லயே சொல்லிருதோம், வாரண்டி நிக்குதா போகுதாங்கது நீங்க எந்த பிராண்டு போடுதீங்கங்கதுல இல்ல, பைப்பை எந்த எடத்துல கை வைக்கீங்கங்கதுலதான் இருக்கு.

வண்டிய ராம்ப்ல தூக்கி கீழ நின்னு பாத்தா, இஞ்சினுக்கு காத்தை அழுத்தித் தள்ளுத டர்போல இருந்து பின் பம்பர் வரைக்கும் ஒரே பைப் மாதிரிதான் தெரியும். ஆனா கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், புகைல உள்ள விஷ வாயுவ குறைக்குத டப்பா, அதை நாம கேட்டுன்னு சொல்லுதோம்லா, அது வரைக்கும் ஒரு எல்லை, அதுக்குப் பின்னாடி வேற எல்லை. இப்ப வர்ற டர்போ பெட்ரோல் வண்டிகள்ல சீக்கிரம் சூடேறணும்னு கேட்டை டர்போவை ஒட்டியே வச்சிருக்காங்க, அதனால டவுன்பைப், அதான் டர்போல இருந்து கீழ இறங்குத பைப்பு, அதை மாத்துதோம்னா பெரும்பாலும் கேட்டையும் சேத்து எடுக்கோம்னுதான் அர்த்தம். கேட்டுக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி உள்ளது பெட்ரோல் எவ்வளவு ஊத்தணும்னு ஈசியுவுக்கு, அதான் இஞ்சினை நடத்துத கம்ப்யூட்டருக்கு சொல்லும், பின்னாடி உள்ளது கேட்டு வேலை செய்யுதான்னு வேவு பாக்கும். கேட்டை எடுத்துட்டீங்கன்னா பின் சென்சார் சும்மா இருக்காது, இஞ்சின் லைட் எரியும், ஸ்கேனர் மாட்டுனா கேட்டு சரியா வேலை செய்யலங்குத கோடு பி0420ன்னு வரும். உடனே சென்சாரை புகைல இருந்து தள்ளி வைக்குத ஸ்பேசரை மாட்டி ஏமாத்து, இல்ல ஈசியு சாஃப்ட்வேரை மாத்தி எழுதுத ரீமேப் பண்ணி அந்த கோடையே அணைச்சி விடுன்னு ஆரம்பிச்சிரும், ஒண்ணுல தொட்டது மூணுல போயி நிக்கும்.

இன்னொண்ணு. கேட்டுக்குள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கு, பழைய இரும்புக்கடைக்காரரு அதுக்கு மட்டும் தனி விலை பேசுவாரு. யாராவது ஃப்ரீயா கேட் டெலீட், அதான் கேட்டையே எடுத்து விடுதது, பண்ணித்தாறேம்னா, எதுக்கு ஃப்ரீன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிக்கோங்க, அவ்வளவுதான் சொல்லுவோம்.

வாரண்டிக்கு வருவோம். யூடியூப் பாத்துட்டு "கம்பெனிக்காரன் நிரூபிச்சாதான் வாரண்டிய மறுக்க முடியும், சட்டம் இருக்கு"ன்னு நிறைய தம்பிமாரு அடிச்சிப் பேசுதாங்க. அந்த சட்டம் அமெரிக்காவுல 1975ல வந்த மேக்னசன் மாஸ் சட்டம், நம்ம ஊர்ல அது செல்லாது. இங்க நீங்க கையெழுத்து போட்ட வாரண்டி புக்குல என்ன எழுதியிருக்கோ அதுதான் பேச்சு. மாடிஃபிகேஷனால வந்த கோளாறு, கம்பெனி பார்ட்டு இல்லாததால வந்த கோளாறு, இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுன்னு பொதுவா எல்லா கம்பெனியும் போட்டுருக்கும், பொடி எழுத்துல இருக்கும், கண்ணாடிய போட்டுட்டு ஒருதடவை வாசிச்சிருங்க. அதுக்காக சைலன்சர் மாத்துன அன்னைக்கே மொத்த வாரண்டியும் செத்துப்போச்சின்னு ஷோரூம்ல சொன்னா அதையும் அப்படியே நம்பாதீங்க. பவர் விண்டோ மோட்டார் போனதுக்கும் பின்னாடி தொங்குத மஃப்ளருக்கும், அதான் சைலன்சர் டப்பாவுக்கும், என்ன சம்பந்தம்? எந்த பார்ட்டு போச்சி, அதுக்கும் நாம மாத்துனதுக்கும் தொடுப்பு இருக்கா, அதைக் கேளுங்க. முடியாதுன்னா காரணத்தை எழுத்துல தாங்கன்னு கேளுங்க, ஈமெயில்ல வந்தாலும் போதும். எழுத்துல கேட்டதும் பேச்சு தன்மையா மாறுததை நாங்க பாத்துருக்கோம். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருநெல்வேலியிலயே இருக்கு, 2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி போகலாம், ஆனா அங்க வாய்ப்பேச்சு எடுபடாது, ஜாப் கார்டு, பில்லு, போட்டோ எல்லாம் கையில இருக்கணும்.

டர்போ, கேட்டு, சென்சார், இஞ்சின், கியர்பாக்ஸ், இதுல ஏதாவது போயி அந்த நேரம் உங்க வண்டில டவுன்பைப்பும் ரீமேப்பும் இருந்துச்சின்னா கதையே வேற, நாங்களே வந்து நின்னாலும் ஒண்ணும் பேச முடியாது. அதுலயும் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வச்சிருக்கவங்க கவனமா கேளுங்க. ஷோரூம் கம்ப்யூட்டர் மாட்டும்போது ஈசியு சாஃப்ட்வேர் மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சா டிடி1ன்னு ஒரு குறி கம்பெனி ரெக்கார்டுல விழுந்துரும், அப்புறம் கம்பெனியோட பழைய சாஃப்ட்வேரை (ஸ்டாக் ஃபைல்) திருப்பி ஏத்திட்டு நல்ல பிள்ளையா போயி நின்னாலும் அது லேசுல அழியாது. தென்காசிப் பக்கத்து தம்பி ஒருத்தருக்கு, வேற எடத்துல ரீமேப் பண்ணது, டர்போ போயி முழு காசும் அவரு கையிலருந்துதான் போச்சி, எந்த ஷோரூம்னு இங்க வேண்டாம்.

அப்ப வாரண்டில இருக்க வண்டிக்கு நாங்க என்ன செய்தோம்னா, கேட்டுக்கு பின்னாடி மட்டும்தான் வேலை, அதுலயும் கடைசி மஃப்ளர் மட்டும் மாத்துத ஆக்ஸில்-பேக்தான் முதல்ல சொல்லுவோம். போல்ட்டு போட்டு கழட்டி மாட்டுத வண்டின்னா கவலையே இல்ல. ஒரே நீளப் பைப்பா வர்ற வண்டின்னா வெட்டித்தான் ஆகணும், அதுக்கும் முறை இருக்கு. ஃபோக்ஸ்வாகன் குரூப் வண்டி நிறையத்துல பைப்பை சுத்தி மூணு சின்ன குழி குத்தியிருப்பான், மேல படிஞ்ச மண்ணை ஒயர் பிரஷ் வச்சி தேச்சாதான் தெரியும். பின் சைலன்சரை மட்டும் தனியா மாத்தணும்னா நடு குழில வெட்டி, ரெண்டு பைப்பை சேத்துப் பிடிக்குத ஸ்லீவ் கிளாம்ப் போட்டுக்கோன்னு கம்பெனியே வச்ச அடையாளம் அது. நாங்க அந்த எடத்துலதான் வெட்டுவோம், பழைய மஃப்ளரை பபிள் ஷீட்ல சுத்தி உங்க டிக்கிலயே வச்சிவிடுவோம், நாளைக்கு வண்டிய விக்கணும்னாலும் ஷோரூமுக்கு போகணும்னாலும் அரை நாள்ல திரும்ப மாட்டிரலாம். வீட்ல எடம் இல்லன்னு அதை எடைக்கு போட்டுறாதீங்க சாமி.

பைப் வாங்கும்போது ஏமாறாம இருக்க ஒரு சங்கதி. எல்லாரும் பாக்கெட்ல காந்தம் வச்சிட்டு வாராங்க, ஒட்டலன்னா 304 ஸ்டீல்னு முடிவு பண்ணிருதாங்க. 202 ஸ்டீலும் காந்தத்துல ஒட்டாது, நம்ம வீட்டு வாசல் கதவு, மாடிப்படி கைப்பிடிக்கு போடுதது அதுதான், நிக்கல் கம்மி, சீக்கிரம் துரு ஏறும். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் உப்புக்காத்துல ஓடுத வண்டிக்கு அதைப் போட்டா காசைக் கரியாக்குத வேலை. எங்ககிட்ட டெஸ்டிங் லிக்விடு இருக்கு, ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரிய தொட்டா 200 சீரிஸ் செவப்பா மாறிரும், உங்க கண்ணு முன்னாடியே செஞ்சி காட்டுதோம். வெளில இருந்து வாங்கிட்டு வாரீங்கன்னாலும் சரி, டார்ச் அடிச்சி வெல்டிங்கோட உள்பக்கத்தைப் பாருங்க, வெளிய வானவில் மாதிரி அழகா இருக்கும், உள்ள கருப்பா பொரிப்பொரியா இருந்துச்சின்னா உள்ளுக்கு ஆர்கான் வாயு விடாம வெல்டு வச்சிருக்கான்னு அர்த்தம், விரிசல் அங்க இருந்துதான் கிளம்பும். அக்ராபோவிச், ரீமஸ்னு பெரிய எக்ஸாஸ்ட் கம்பெனி பேரு போட்ட டூப்ளிகேட் டிப்பு (பைப் நுனி) ஆன்லைன்ல கூவிக்கூவி விக்காங்க, அதுல உள்ளது ஸ்டிக்கர் மட்டும்தான்.

பவர் கூடுமான்னு கேக்காங்க. மஃப்ளர் மட்டும் மாத்துனா கூடுதது ரொம்ப சொற்பம், நம்ம ஊரு மே மாச வெயிலுக்கும் மார்கழி காலைக்கும் உள்ள வித்தியாசமே அதைவிட கூட இருக்கும். பெரிய பைப் போட்டா பெரிய பவருன்னு நினைக்காதீங்க, அளவுக்கு மீறி பெருசாக்குனா புகை போற வேகம் குறைஞ்சி கீழ் ஆர்பிஎம்ல இழுவை படுத்துரும், டர்போ இல்லாத வண்டில இது நல்லாவே தெரியும். நீங்க வாங்குதது சத்தம், பவர் இல்ல, அதை மனசுல வச்சிட்டு வாங்க.

சத்தத்துலயும் கடைக்கு முன்னாடி நின்னு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிப் பாத்து முடிவு பண்ணாதீங்க. 4 சிலிண்டர் வண்டி 2400 ஆர்பிஎம்ல போகும்போது செகண்டுக்கு 80 தடவை வெடிக்கும், 3 சிலிண்டர்னா 60, அந்த கம்மலான சத்தம் டிக்கிக்குள்ள ஏறி காதை அடைச்சிட்டு நிக்கும், ட்ரோன்னு சொல்லுதது அதைத்தான். டவுனுக்குள்ள ஒண்ணும் தெரியாது, மதுரை ரோட்ல கயத்தாறு தாண்டி ஒரே ஸ்பீடுல போகும்போது பின்சீட்ல அம்மாவும் பிள்ளைகளும் இருந்தாங்கன்னா தெரியும். அதனால இந்த ட்ரோன் சத்தத்தை அடக்குத ரெசனேட்டரை எடுக்கச் சொல்லாதீங்க, காசு மிச்சம்னு அதைத்தான் முதல்ல எடுக்கச் சொல்லுதீங்க.

சட்டம் கொஞ்சம் கசப்பு, ஆனா சொல்லியாகணும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிருச்சி. சத்தம், புகை விதிய மீறுனா 190(2)ல முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதமோ 3 மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ, அதோட லைசென்சும் 3 மாசம் முடங்கும். காருக்கு உள்ள சத்த அளவு 74 டெசிபல், அது 7.5 மீட்டர் தள்ளி மைக் வச்சி, வண்டிய முடுக்கி ஓட்டி எடுக்குத டெஸ்ட்டு, போன் ஆப்பை சைலன்சர் பக்கத்துல நீட்டி "பாருங்க எவ்வளவு காட்டுது"ன்னா அது கணக்கு இல்ல. பைப்ல ஈ மார்க் இருக்கேன்னு சிலபேரு காட்டுதாங்க, அது ஐரோப்பா அனுமதி, நம்ம ஊரு ஆர்டிஓவுக்கு அது ஒரு ஸ்டாம்பு மட்டும்தான். ஆக, ஆக்ஸில்-பேக் போட்டாலும் ரிஸ்க்கே இல்லன்னு நாங்க சொல்ல மாட்டோம், கம்மின்னுதான் சொல்லுவோம். பாளையங்கோட்டைல ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கயோ ஜங்ஷன்ல ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடிலயோ போயி பாப்ஸ் அண்ட் பேங்ஸ்னு சைலன்சரை படபடன்னு வெடிக்க விடுத ஆசை இருந்தா தயவுசெஞ்சி எங்க கடை ஸ்டிக்கரை கிழிச்சிட்டு போங்க.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாத்துனதை எழுதிக் குடுத்துருங்க. சொல்லாம விட்டா கிளெய்ம் நேரத்துல அதைத்தான் பிடிச்சித் தொங்குவாங்க.

ஸ்ட்ரெயிட் பைப் (மஃப்ளரே இல்லாத வெறும் பைப்), கேட் டெலீட், சென்சார் ஸ்பேசர், இந்த மூணையும் வாரண்டி வண்டி, பழைய வண்டி எதுக்கும் நாங்க செய்யுததில்ல, எவ்வளவு தந்தாலும் சரி. விஆர்எஸ் கேட்ட அண்ணாச்சி, உங்களுக்கு பதில்: முதல்ல கேட்டு உள்ள இருக்கா, காலியான்னு பாக்கணும், அதுக்கப்புறம்தான் விலையே பேசணும்.

வாரவங்க ஆர்சி, வாரண்டி புக், கடைசி சர்வீஸ் பில்லு கொண்டாங்க. மஃப்ளர் சூட்டோட கழட்ட முடியாது, வண்டி ஆற நேரமாகும், அதனால காலையிலயே விட்டுட்டு போயிருங்க, சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்கு கூட்டம் தாங்காது.