மண்டபத்தில் ஒரு கல்வெட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று பேரன் கேட்டதால் போன மாதம் ராமேசுவரம் போனோம். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது நான் பிடிவாதம் பிடித்து, பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில், மண்டபம் கேம்ப்பில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். "இங்கே என்னம்மா இருக்கு?" என்றாள் மகள்.

என் தாத்தா பத்து வயதில், 1925 வாக்கில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன ஆட்களோடு இந்த ஊருக்கு வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைக் காலரா, அம்மை பயத்தால் இங்கே முகாமில் சில நாள் அடைத்துவைத்துத்தான் அனுப்புவார்கள். முகாமை நடத்தியது அப்போதைய இலங்கை அரசு. அம்மை குத்தி, தனுஷ்கோடிக்கு ரயிலேற்றி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்.

1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் போய்விட்டது. ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியா வர வேண்டும். எங்கள் குடும்பம் 1972-இல் வந்தது. எனக்கு ஒன்பது வயது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையோடு கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கினோம். மறுபடியும் மண்டபம் முகாம்தான். மணல் காலைச் சுட்டது. குடித்த தண்ணீர் உப்புக் கரித்தது, அம்மா அதைத் துப்பிவிட்டு அழுதார். தாத்தா மட்டும் சட்டைக் கையை மேலே தள்ளி, காலணா அகலத்துக்கு இருந்த தழும்பைக் காட்டி, "இங்கதான் குத்துனாங்க பாப்பா" என்றார். ஊருக்குள் எல்லோரிடமும் அதை 'மண்டபத்து முத்திரை' என்றுதான் சொல்வார்.

அப்புறம் எங்களை நீலகிரிக்கு அனுப்பினார்கள். திரும்பவும் தேயிலைதான்.

இப்போது அந்த முகாமில் இலங்கைத் தமிழ் அகதிகள் வாழ்கிறார்கள். அது அவர்கள் வீடு. உள்ளே போய் வேடிக்கை பார்ப்பது சரியில்லை என்று வெளியிலேயே நின்றேன். பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரத் தம்பிக்கு 'கேம்ப்' என்றால் அகதி முகாம்தான், தோட்டத்து ஆட்கள் வந்துபோனது தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதி வைத்தால்தானே தெரியும்? 1914-இல் கட்டிய பழைய பாலத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். அதன்மேல் ரயிலில் போன கூலி ஜனங்களைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

ராமேசுவரம் போகும் அத்தனை பஸ்ஸும் காரும் மண்டபத்தைத் தாண்டித்தான் போகின்றன. மண்டபம் கேம்ப் ரயில் நிலைய வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கும்படி தமிழக அரசையும் ரயில்வேயையும் கேட்டுக்கொள்கிறேன். போனவர்கள், திரும்பியவர்கள், பின்னால் போருக்குத் தப்பி வந்தவர்கள், மூன்று பேரும் அதில் இருக்க வேண்டும். முகாமின் பழைய பதிவேடுகள் எங்காவது இருந்தால் அவற்றையும் ஜனங்கள் பார்க்கும்படி வையுங்கள். தாத்தாவின் பெயரை என் பேரனுக்குத் தேடிக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள்,
கோத்தகிரி.