காரைக்குடியின் முழுமைத் திட்டத்தில் கலைக்கும் இடம் ஒதுக்குக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி 2024ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்ந்ததிலிருந்து, சாலை, பாதாளச் சாக்கடை, குடிநீர், குப்பைக் கிடங்கு ஆகியவை குறித்துத் தங்கள் இதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன, வர வேண்டியவைதாம். ஆனால், வேலை முடிந்த மாலைப்பொழுதில் இவ்வூர் மக்கள் எங்கே கூடுவது, பாட்டும் கூத்தும் நாடகமும் பயில விரும்பும் பிள்ளைகள் எங்கே பயில்வது என்ற கேள்வி இந்தப் பேச்சில் இடம்பெறவே இல்லை. நகரில் எந்த நிலம் எந்தப் பயனுக்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) இதற்கும் இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கலை அறியாத ஊர் அன்று இது. இன்றைய கர்நாடக இசைக் கச்சேரி முறையை வகுத்த இராமாநுஜ ஐயங்கார் பிறந்த அரியக்குடி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. வீணையில் ‘காரைக்குடி பாணி’ என்றே ஒன்று உண்டு. இங்கே 1917இல் தொடங்கப்பட்ட இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919இல் பாரதியார் வந்து பாடினார், 1939இல் தமிழறிஞர் சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கினார். இவை யாவும் தனியார் கொடையாலும் ஆர்வலர்களின் உழைப்பாலும் நடந்தவை. அன்று புரவலர்களின் செட்டிநாட்டுப் பெருவீடுகளில் நடந்த திருமணங்களுக்கு வந்த வித்துவான்களின் வாசிப்பை, வீட்டு முகப்பிலும் வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியிலும் மட்டுமல்லாது, தெருவில் நின்றும் ஊரே கேட்டது. அந்த வீடுகளிற் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில விடுதிகளாகிவிட்டன. புரவலர் வீட்டுக் கதவு சாத்தப்பட்ட பிறகு அந்தப் பொறுப்பை உள்ளாட்சி ஏற்றிருக்க வேண்டும். நம்மில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் நம் பகுதிக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடப்பதை யாவரும் அறிவர். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு கம்புகளுக்கிடையே கட்டிய தார்ப்பாய்க்குள், ஒற்றைக் குண்டு பல்பின் வெளிச்சத்தில், வள்ளி வேடமிடும் பெண் தகரப் பெட்டியின் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அரிதாரம் பூசுகிறார். கழிப்பறைக்குப் போகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஒத்திகை பார்க்க இடமின்றி நேரே மேடையில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். கல்யாண மண்டபங்களின் வாடகையோ இவர்களுக்கு எட்டாத உயரம்.

இடம் இல்லை என்று சொல்வது பொருந்தாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள விதி. ‘ரிசர்வ் சைட்’ என்று நாம் சொல்லும் அந்த இடம் பல நகர்களில் எப்படி இருக்கிறது? கம்பி வேலி, வெயிலில் எழுத்து வெளிறிய ஒரு பலகை, உள்ளே ஆளுயரச் சீமைக் கருவேலம். அங்கே ஒரு திறந்த மேடை, அதன் பின்னால் உடை மாற்றும் அறை, பெண்களுக்குக் கழிப்பறை, மரநிழல், மின் இணைப்பு, இவை போதும். கோடிகளைக் கொட்டிக் குளிரூட்டிய பேரரங்கம் ஒன்றை ஊருக்கு வெளியே கட்டிவிட்டு, அதற்கு வாடகை கொடுக்க முடியாமல் கலைஞர்கள் வெளியில் நிற்கும் நிலையை இன்னொரு முறை பார்க்க நமக்குத் தெம்பில்லை. கரை கட்டிய ஊரணிகளின் படித்துறை ஓரங்களையும், தண்ணீருக்கும் வரத்துக்கால்களுக்கும் ஊறு நேராமல், மாலை நேரக் கூடுமிடங்களாக ஆக்கலாம்.

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவற்றோடு பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பதும் நகர உள்ளாட்சியின் பணிகளுள் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆதலால், நாம் கேட்பது சலுகை அன்று. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஐம்பது பேர் அமரக்கூடிய ஒரு கூடம் அமைத்தால், கோலாட்ட வகுப்புக்கும் வாசகர் வட்டத்துக்கும் அதுவே ஆகும். கம்பனுக்கும் கண்ணதாசனுக்கும் இங்கே மணிமண்டபங்கள் உள்ளன. விழா நாள்கள் போக மற்ற மாலைகளில் அவற்றை உள்ளூர்க் கலைக்குழுக்களின் பயிற்சிக்குச் சிறு கட்டணத்தில் திறந்துவிடலாம். நிகழ்ச்சி முடிந்து பள்ளத்தூருக்கும் புதுவயலுக்கும் தேவகோட்டைக்கும் திரும்புவோருக்குப் பேருந்து இருந்தால்தான் பெண்கள் வருவார்கள் என்பதையும் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி, வரைவு முழுமைத் திட்டத்தின் மீது பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் கருத்துகளையும் கேட்டாக வேண்டும். காரைக்குடிக்கான வரைவு வெளியாகும்போது, கலை, பொழுதுபோக்குக்கான இடங்களைத் தனி நிறமிட்டு வரைபடத்தில் காட்டவும், அந்த வரைபடத்தைத் தமிழ் விளக்கத்துடன் நூலகங்களிலும் பேருந்து நிலையத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கவும், நாடகக் கலைஞர்களையும் இசை ஆசிரியர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்கவும் மாநகராட்சியும் மாவட்ட நிருவாகமும் முன்வர வேண்டுமெனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி