ஸ்பீக்கரைப் பார்க்கும் முன் உங்கள் ஹாலைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பட்ஜெட் இவ்வளவு, எது பெஸ்ட்?" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வராத நாளே இல்லை. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைப் (அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டி ஸ்பீக்கர்) பொறுத்தவரை அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் நாங்கள் திருப்பிக் கேட்பது வேறு ஒன்று: எங்கே வைக்கப்போகிறீர்கள்? பாதிப் பேர் சொல்லும் பதில், "டிவிக்குப் பக்கத்தில், ஷோகேஸில்தான்". சரி, ஷோகேஸிலிருந்தே ஆரம்பிப்போம்.

இந்த வகை ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஒரு வட்டமான துளை இருக்கும். சின்னப் பெட்டியிலிருந்து பேஸ், அதாவது கனமான கீழ் ஒலி, வரவழைக்க அந்தத் துளைவழியாகக் காற்று போய்வர வேண்டும். அதை ஷோகேஸுக்குள் தள்ளி, பின்பலகைக்கு இரண்டு அங்குலம்கூட இடம் விடாமல் வைத்தால் பேஸ் குறையாது, உண்மையில் கூடிவிடும், ஆனால் எல்லாம் ஒரே சுருதியில் "தொம் தொம்" என்று உப்பிக்கொண்டு வரும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வித்வான் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கி இருக்கிறதே, அந்த வளைவு காணாமல் போய் வெறும் இடி மட்டும் கேட்கும். கூடவே கண்ணாடிக் கதவும் உள்ளே அடுக்கிய பொம்மைகளும் தாளம் போடும். வேறு இடமே இல்லை என்றால் முன்பக்கத் துளை உள்ளதையோ துளையே இல்லாத மூடிய பெட்டியையோ எடுங்கள், பலகையின் முன் விளிம்புவரை இழுத்து வையுங்கள். சில கம்பெனிகள் துளையை அடைக்க ஒரு ஃபோம் உருளையையும் பெட்டிக்குள் போட்டுத் தருகின்றன, தயவுசெய்து அதை பேக்கிங் குப்பையோடு எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தது அறை. நம் வீடுகள் செங்கல், கான்கிரீட், தரையில் டைல்ஸ். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டிய வீட்டில் பேஸில் கொஞ்சம் சுவர்வழியாகக் கசிந்து வெளியே போய்விடும், நம் வீட்டிலோ அது அப்படியே திரும்பி வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நீளவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸும் (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இத்தனை அதிர்வு) அகலவாக்கில் சுமார் 56 ஹெர்ட்ஸும் தானாகவே பெருகி நிற்கும். பேஸ் கிடாரின் ஆகக் கனமான தந்தி 41 ஹெர்ட்ஸ், ஒரு கட்டை சுருதியில் தம்புராவின் மந்தர ஸட்ஜம் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். அதாவது நீங்கள் கேட்கும் இசையின் அடிப்பகுதி முழுக்க அறை கைவைக்கும் பிரதேசத்தில்தான் இருக்கிறது. ஆகவே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஐந்து அங்குல வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) தாராளம். ஆறரை அங்குலம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் நாங்கள் வாதாடுவதுண்டு, விலை கூடின பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நம்புவதற்குச் சிலருக்குக் கஷ்டமாக இருக்கிறது! டைனிங்கோடு சேர்ந்த பெரிய ஹால் என்றால் கதை வேறு, அங்கே ஐந்து அங்குலம் மூச்சுவாங்கும், ஆறரைதான் சரி.

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். "டிர்ர்" என்று ஒரு சிணுங்கல் பின்னால் வந்தால், எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் பாட்டின் 'ச', 'ஸ' எல்லாம் காதைக் குத்தும். கனமான திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம் அல்லது கார்பெட், புத்தகம் நிறைந்த ஒரு அலமாரி, இவ்வளவு போதும்.

வாட்ஸ் கணக்குக்கு வருவோம். பெட்டிமேல் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (கண நேர உச்சம் என்று காட்டும் வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்ஸ்) என்ன என்று மட்டும் கேளுங்கள். அதைவிட முக்கியம், எத்தனை டிபி (டெசிபெல்) சென்சிடிவிட்டி என்பது, அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு அந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது. கெஃப் எல்எஸ்50 என்ற ஸ்பீக்கருக்கு 85 டிபி, கிளிப்ஷ் ஆர்பி-600எம்முக்கு 96 டிபி, இரண்டுமே கம்பெனி சொல்லும் கணக்கு. ஒவ்வொரு 3 டிபிக்கும் ஆம்ப்ளிஃபயரின் சக்தி இரட்டிப்பாக வேண்டும் என்பதால், காகிதத்தில் முதலாவதற்கு இரண்டாவதைப் போல் பன்னிரண்டு மடங்கு வாட்ஸ் தேவை. இதனால் எல்எஸ்50 மட்டம் என்று அர்த்தமில்லை. பிபிசி 1970களில் ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 83 டிபியைக்கூடத் தொடாது, மூடிய பெட்டி, ஐந்து அங்குல வூஃபர், ஆனால் மனிதக் குரலுக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஜோடி சேர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். குட்டி ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு வால்யூமைக் கடைசிவரை திருகினால் ஒலி கிழியும், முதலில் எரிவது ட்வீட்டர் (உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்).

ஆம்ப்ளிஃபயரே தனியாக வேண்டாம் என்பவர்களுக்கு, அது உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர். எடிஃபையர் ஆர்1280டி போல நான்கு அங்குல வூஃபரும் மொத்தம் 42 வாட்ஸும் உள்ள ஒன்று சின்ன அறைக்கும் மேசைக்கும் போதும். ஆனால் உள்ளே இருக்கும் போர்டு போனால் ஸ்பீக்கரும் சேர்ந்து முடங்கும், தனி ஆம்ப்ளிஃபயர் என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், சதுர அலை இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களே, கரண்ட் போனதும் ஸ்பீக்கரில் வரும் "ங்ங்" ரீங்காரத்துக்கு ஸ்பீக்கர் பொறுப்பில்லை. வாரம் ஒருவராவது இதற்காகச் சண்டைக்கு வருகிறார்கள்.

சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் இன்னொன்று பார்க்க வேண்டும். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா? ஃபோம் ஈரக்காற்றில் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும், விரலால் தொட்டாலே தூளாகும். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் முன்வலையைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பெட்டி எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய) பலகை என்பதால் தரையில் வைத்துவிட்டு வீடு துடைத்தால் அடிப்பாகம் ஊறி உப்பும், ஸ்டாண்ட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, ட்வீட்டரும் காது மட்டத்துக்கு வரும்.

வயருக்குப் பெரிய செலவு வேண்டாம். ஐந்து மீட்டருக்குள் என்றால் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போதும். சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் மாறிப்போனால் பேஸ் வற்றிவிடும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் இடம் தெரியாமல் அலையும்.

கடையில் கேட்கும்போது ஒரு தொழில் ரகசியம்: இரண்டு ஸ்பீக்கரில் எது துளி சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இதை வைத்தே எதையும் விற்றுவிடலாம். எனவே இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் மீட்டர் வைத்துச் சரிசெய்து தருகிறோம். மூன்று நிமிடத்தில் "ஆஹா" போடவைக்கும் பளீர் ஒலி, வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் தலைவலி தரலாம், அதனால் அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் டெமோ பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு நான்கைந்தைப் போனில் கொண்டுவாருங்கள், அதில் ஒன்று சுமாராகப் பதிவான பழைய பாட்டாக இருக்கட்டும், ஏனென்றால் வீட்டில் அதிகம் ஓடப்போவது அந்த மாதிரிப் பாட்டுகள்தான்.

வரும் முன் ஹாலின் நீளம் அகலத்தையும், ஸ்பீக்கர் வைக்கும் இடம், நீங்கள் உட்காரும் இடம் இரண்டின் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கேட்டுப் பிடித்திருந்தால் டெமோ ஜோடியை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம், முன்பணம் கட்டினால் போதும். ஞாயிறு மதியம் தெரு அமைதியாக இருக்கும், கேட்டுப் பார்க்க வசதியான நேரம் அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்