கைகோ இல்ல, இகோ!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜப்பான் மொழி படிக்கறதப் பத்தி போன வாரம் ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வேலைக்கோ விசாவுக்கோ இல்லாம சும்மா படிக்கறவங்க காசையும் நேரத்தையும் வீணாக்கறாங்கன்னு கடைசியில ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அது உன்னையத்தான் சொல்லுதுன்னு வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அதான் எழுதறேன்.

நான் ரங்கூன்ல பொறந்து வளர்ந்தவ, வயசு 57, ஒரு இரும்புச் சாமான் கடையில கணக்கு எழுதறேன். ரெண்டு வருஷமா சாயங்கால க்ளாஸ். கூடப் படிக்கறது எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் புள்ளைங்க. மொத நாளு எதுக்குப் படிக்கறீங்கன்னு சயாமா, அதாவது எங்க டீச்சரம்மா, ஒவ்வொருத்தரா கேட்டாங்க. ஒருத்தன் ஓட்டல் வேலைன்னான், ஒருத்தி ஃபேக்டரின்னா, பாதிப் பேரு கைகோ, அதாவது வயசானவங்களப் பாத்துக்கற வேலை. என் முறை வந்ததும் இகோன்னேன். கைகோவா, இந்த வயசுலயா அன்ட்டின்னாங்க. இல்ல, இகோ. எய்கோவா, அது இங்கிலீஷ் ஆச்சே? அப்புறம் நானே எந்திரிச்சுப் போயி போர்டுல கட்டம் போட்டு, கறுப்பும் வெள்ளையுமா வட்டம் வரைஞ்சு, இந்த ஆட்டத்தோட புஸ்தகம் படிக்கணும், அவ்ளோதான்னு சொன்னேன். உங்களப் பாத்துக்கத்தான் அன்ட்டி நாங்க கைகோ படிக்கறோம்னு பின்னாடியிருந்து ஒருத்தி சொன்னா பாருங்க, க்ளாஸே கொல்லுன்னு சிரிச்சுருச்சு.

இகோங்கறது கோன்னு சொல்ற பலகை ஆட்டம், தெரியாதவங்களுக்காக சொல்றேன். நீளத்துல 19 கோடு, அகலத்துல 19 கோடு, 361 புள்ளி. ஆளுக்கு ஒரு காய் மாத்தி மாத்தி வைக்கணும், வச்சா நகத்தக்கூடாது, சுத்தி வளைச்சு இடம் பிடிக்கணும். ஆடு புலி ஆட்டம் ஆடினவங்களுக்கு சட்டுனு பிடிபடும், புலிய நகர விடாம ஆடுங்க அடைக்குதே அதே வேலைதான், என்ன ஒண்ணு, இங்க ரெண்டு பக்கமும் ஆடு, ரெண்டு பக்கமும் புலி. 2016ல லீ செடோல்ங்கற கொரியா ஆட்டக்காரர கம்ப்யூட்டர் 4-1னு தோக்கடிச்சப்ப அக்கா பையன் என் போன்ல இத ஏத்திக் குடுத்தான். அவன் ஒரு மாசத்துல விட்டுட்டான், நான் மாட்டிக்கிட்டேன்.

பான்சோடான் தெரு நடைபாதைல பழைய புஸ்தகம் விக்கறாங்கல்ல, அங்க ஒரு நாள் அட்டை போன ஒரு சின்ன ஜப்பான் மொழிப் புஸ்தகம் கெடச்சுது, பக்கத்துக்குப் பக்கம் கோ புதிர், கீழ ரெண்டு மூணு வரி விளக்கம். போன் கேமராவக் காட்டினா மொழிபெயர்க்குமேன்னு காட்டினேன். "கறுப்பு மூணு கண்ணால் வெற்றி"ன்னு வந்துச்சு. என்னடா இது, சிவபெருமானா வந்து ஆடினாருன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். கண்ணுக்கு எழுதற எழுத்துதான் இந்த ஆட்டத்துல எத்தன புள்ளி ஜெயிச்சோம்னு எண்ணறதுக்கும், மேன்னு படிச்சா கண்ணு, மோக்குன்னு படிச்சா புள்ளிக் கணக்கு. கண்ணும் இங்க முக்கியம், ஏன்னா ஒரு கூட்டம் பொழைக்கணும்னா உள்ள ரெண்டு கண்ணு இருக்கணும், அதாவது எதிராளி பூந்து அடைக்க முடியாத ரெண்டு ஓட்டை. போன் ஆப்ப நம்பி புண்ணியமில்லன்னு அன்னிக்குத்தான் க்ளாஸ்ல சேந்தேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கோ புஸ்தகத்துல திரும்பத் திரும்ப வர்ற எழுத்து எழுபது எண்பது தேறும், கறுப்பு, வெள்ளை, சாவு, உயிர், மூலை, ஓரம், வெட்டு, இந்த மாதிரி. பாடப் புஸ்தகத்துல ஆறாவது பாடத்துல முழிச்சுக்கிட்டிருந்தவ இதுல அரைப் பக்கம் படிச்சுட்டேன். நமக்கு வாக்கிய அமைப்பும் தோதா இருக்கு, வினை கடைசியிலதான் வரும், யோந்தே மிருன்னா அப்படியே படிச்சுப் பாக்கறது. ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பான் பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானுக்கும் உறவுன்னே எழுதினாரு, மொழி ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் ஒத்துக்கல, அந்தச் சண்டை எனக்கு வேணாம், பர்மியத்துலயும் சாச்சின்னா சாப்பிட்டுப் பாருதானே. இன்னொண்ணு, க்ளாஸ்ல யாராச்சும் போனத் தொட்டா சயாமா "தமே!"ன்னு ஒரு அதட்டு போடுவாங்க, கூடாதுன்னு அர்த்தம். அந்த வார்த்தையே கோ ஆட்டத்துலருந்து போனதாம், ரெண்டு பேர் வேலிக்கும் நடுவுல யாருக்கும் லாபமில்லாம கெடக்கற புள்ளிக்குப் பேரு தமே.

பெரியம்மாவுக்குத்தான் பிடிக்கல. 88 வயசு. 1942ல ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள வந்தப்ப சின்னப் புள்ள, பாக்கேரோன்னு அவனுங்க திட்டினது இன்னும் காதுல இருக்கு. அவங்க சித்தப்பா தன்பியூசயாட் பக்கம் சயாம்-பர்மா ரயில் ரோடு போடப் போனவரு திரும்பி வரவேயில்ல. அந்த மொழியாடி படிக்கறன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல. ஒரு நாள் கரண்ட் இல்லாதப்ப சார்ஜ் லைட்ல நான் எழுத்துக் கூட்டிப் படிச்சதத் தமிழ்ல சொன்னேன். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவுக்கு வெளிய இட்சுகாய்ச்சின்னு ஒரு ஊரு, ஹஷிமோட்டோ, இவமோட்டோன்னு ரெண்டு கோ ஆட்டக்காரங்க ஹோனின்போங்கற பெரிய கோ பட்டத்துக்கு ஆடிக்கிட்டிருக்காங்க. குண்டு விழுந்து ஜன்னல் ஒடஞ்சு காயெல்லாம் செதறிப் போச்சு. எல்லாத்தையும் பழையபடி அடுக்கி வச்சு அன்னிக்கே ஆடி முடிச்சிருக்காங்க, ஹஷிமோட்டோ 5 புள்ளில ஜெயிச்சாரு. பெரியம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், பைத்தியக்காரனுங்க, சரி யாரு கறுப்புன்னு கேட்டாங்க.

போன டிசம்பர் பரீட்சைல கேட்டு எழுதற பேப்பர்ல கவுந்துட்டேன், ஸ்டேஷன் எங்கன்னு கேட்டா இன்னும் திணறுவேன். அதனால என்ன, எந்த ஸ்டேஷனுக்கு நான் போகப் போறேன்.

ஒரு வேண்டுகோள். சுடோகு போடற எடத்துல வாரத்துக்கு ஒரு கோ புதிர் போடுங்க, 9 கோட்டுப் பலகைல சின்னதா இருந்தாப் போதும். ரங்கூன்ல இந்த ஆட்டம் ஆடற நம்மாளுங்க யாராச்சும் இருந்தா உங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்க. இத்தன வருஷமா போன்கூடவே ஆடித் தோத்துக்கிட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகி