ஓரம் அளக்கும் ஸ்கேலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஆய்வேடுகளுக்கு வடிவமைப்பு விதி வகுக்கும் குழுவினருக்கும், அவற்றைப் பார்த்து ஒப்பமிடும் நெறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஆசிரியர் இல்லை, ஆய்வாளரும் இல்லை. மாணவர்களின் ஆய்வேட்டைக் கணினியில் அடுக்கி, பக்க எண் போட்டு, துணைநூற்பட்டியலை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் பிழைப்பு. உங்கள் விதிகள் கடுமையாக ஆக ஆக எனக்கு வேலை கூடும். ஆகவே இந்த மடல் என் வயிற்றில் நானே அடித்துக்கொள்வதுதான். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய வாரத்தில்தான் வருவார்கள். கையில் திருப்பி அனுப்பப்பட்ட பிரதி இருக்கும். சிவப்பு மையில் "இடது ஓரம் போதாது", "நூற்பெயர் சாய்வெழுத்தில் வேண்டும்", "ஆண்டுக்குப் பின் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா?" என்று பக்கத்துக்குப் பக்கம் குறிப்புகள். அப்படி வந்த ஒரு பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மேற்கோள் கண்ணில் பட்டது. அதே நூலின் அதே வரி, முந்தைய மாதம் நான் அடுக்கிய வேறோர் ஆய்வேட்டில் நேர்மாறான பொருளில் வந்திருந்தது. இரண்டில் ஒன்று தப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு மை எதுவும் இல்லை. இரண்டு ஆய்வேடுகளும் தேறிவிட்டன.

என் குறை அவ்வளவுதான். மேற்கோளின் உடையைப் பார்க்கிறீர்கள், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை.

இந்த விதிகள் எதற்காக வந்தன என்று நானே தேடிப் படித்ததுண்டு. அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏபிஏ என்னும் மேற்கோள் முறை 1929-இல் ஓர் ஆய்விதழில் வெறும் ஏழு பக்கக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. இன்று ஏழாம் பதிப்பு 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கத்துக்கு முன்னோடி, 1881-இல் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியல் பேராசிரியர் நத்தையின் ஓடில்லாத உறவினத்தைப் பற்றி எழுதிய கட்டுரை என்று சொல்கிறார்கள். அவர் ஹார்வர்டில் இருந்தவர். பிறகு அந்த முறைக்கு ஹார்வர்டு என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹார்வர்டு முறைக்கு அதிகாரபூர்வமான ஒற்றைக் கையேடு என்று எதுவும் கிடையாது. ஆளுக்கொரு வடிவம். "ஹார்வர்டு முறையில் எழுது" என்று மாணவரிடம் சொன்னால், எந்த ஹார்வர்டு என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஒரே துறையில் இரண்டு நெறியாளர்கள் இரண்டு விதமாகத் திருத்தியதை நான் அடுக்கியிருக்கிறேன். ஏபிஏ-விலும் இதே கதைதான். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு, பதிப்பகம் இருக்கும் ஊரைக் குறிக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்றால், உரைக்குள் முதல் தடவையே முதலாமவர் பெயரோடு "மற்றும் பிறர்" போட்டால் போதும். எழுத்துருவும் ஒன்றே ஒன்றுதான் என்றில்லை, டைம்ஸ் நியூ ரோமன் 12 போல ஏரியல் 11-உம் செல்லும். ஆனால் உங்கள் விதித்தாளில் பழைய பதிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஊர்ப்பெயர் இல்லை என்று பிரதி திரும்பி வரும். புதுப் பதிப்பைப் படித்துச் சரியாகச் செய்த பிள்ளைக்குத்தான் தண்டனை.

உடை மட்டும் போதும் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். எல்செவியர் பதிப்பகம் கட்டுரையாளர்களுக்குக் கொடுத்த மாதிரிப் படிவத்தில், துணைநூற்பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு கட்டுரையைப் போட்டிருந்தார்கள். வான் டெர் கீர் முதலிய மூவர் 2000-ஆம் ஆண்டில் எழுதியதாக அதில் இருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது, அது வந்ததாகச் சொன்ன இதழும் கிடையாது. வடிவம் காட்டுவதற்கான பொம்மை அது. அந்தப் பொம்மையை ஏறத்தாழ 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தது 2017-இல் வெளியே வந்தது. படிவத்தை நிரப்பியவர்கள் மாதிரி வரியை அழிக்க மறந்ததுதான் பெரும்பாலும் காரணம். காற்புள்ளி, சாய்வெழுத்து, பக்க எண் எல்லாம் அதில் கச்சிதம்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்தது அப்படியல்ல. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் போதை சார்ந்த வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் பழக்க அடிமைத்தனம் தெளிவாகப் பதிவாகியிருந்தது என்று அது சொன்னது. மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் இருந்த நோயாளிகளைப் பற்றிய தகவல் அது. பிறகு அந்தக் கடிதத்தை 608 முறை மேற்கோள் காட்டினார்கள். 2017-இல் அவற்றை அலசியவர்கள் கண்டது: அவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்கினாலும் ஆபத்தில்லை என்ற எண்ணத்துக்கு அந்த ஐந்து வாக்கியம் சான்றாகிவிட்டது. வட அமெரிக்காவில் போதை மாத்திரைகளால் வந்த பெரும் அழிவுக்கு இந்தத் தப்பான மேற்கோளும் ஒரு காரணம் என்று அதே இதழில் எழுதினார்கள். அந்த 608 குறிப்புகளில் ஆண்டும் பக்கமும் தப்பாக இருந்தவை எத்தனை என்று யாராவது ஸ்கேல் வைத்து அளந்திருந்தால் என்ன பயன்?

மாணவர்கள் ஏன் மூலத்தைத் திறந்து பார்ப்பதில்லை என்று கோபப்படுவீர்கள். அவர்கள் பெரும்பாலும் இன்னொருவர் துணைநூற்பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். முந்தைய ஆய்வேட்டில் பக்க எண் 137 என்பது 173 என்று மாறியிருந்தால், இதிலும் 173 என்றே இருக்கும். இப்படித் தொற்றிக்கொண்டு போகும் அச்சுப்பிழைகளை வைத்தே, மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் 20 விழுக்காட்டினர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்னொருவர் நூலில் பார்த்ததை, அங்கே பார்த்தேன் என்று சொல்லிவிட எல்லா முறைகளிலும் வழி இருக்கிறது. ஆனால் அப்படி எழுதினால் "மூலத்தைப் பார்க்கவில்லையா?" என்று அதட்டுவீர்கள் என்ற பயம். அதனால் பார்த்த மாதிரியே எழுதிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னவருக்குத் திட்டும் பொய் சொன்னவருக்கு ஒப்பமும் கிடைத்தால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

"மேலது" பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன அதே நூல்தான் என்று காட்ட, அடிக்குறிப்பில் "மேலது, ப. 52" என்று எழுதச் சொல்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு, நீங்கள் சொன்னதற்காக மாணவர் நடுவில் ஒரு புது அடிக்குறிப்பைச் செருகுவார். அவ்வளவுதான், அதற்குக் கீழே வரிசையாக இருக்கும் "மேலது" எல்லாம் வேறொரு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். எண்ணைக் கணினி தானாக மாற்றும், "மேலது" எந்த நூல் என்று அதற்குத் தெரியாது. மேற்கோள் விதிகளுக்குப் பேர்போன சிகாகோ கையேடே 2017-இல் வந்த 17-ஆம் பதிப்பில், இதற்குப் பதிலாக ஆசிரியர் பெயரும் சுருக்கமான தலைப்பும் போடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டது. நீங்களும் விட்டுவிடலாம்.

அப்புறம் பெயர். குடும்பப் பெயரை முன்னால் போடு என்கிறது விதி. நம் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப் பெயரே இல்லை, தந்தை பெயரும் தன் பெயரும்தான். மாணவர் பெயரைப் பிரித்து மென்பொருளில் இடுவார், அது தன் போக்கில் திருப்பிப் போடும். கட்டுரை எழுதியவர் மகள், பட்டியலில் வருபவர் அப்பா. ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் நம்மைப் போலத் தந்தை வழிப் பெயர்தான். அவர்கள் தங்கள் நாட்டில் சொந்தப் பெயரை வைத்தே அகரவரிசை போட்டுக்கொள்கிறார்கள். இதற்கு உங்கள் விதித்தாளில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதியதை நான் இதுவரை பார்க்கவில்லை.

வடிவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே சீராக இருந்தால்தான் வாசகர் தேடிப் போக முடியும். ஆனால் அந்த வேலையை இன்று சோட்டிரோ போன்ற இலவச மென்பொருளே செய்துவிடும். அது 2006 முதல் இருக்கிறது. முதல் பருவத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால், கடைசி வாரத்தில் என்னிடம் ஓடி வர வேண்டியதில்லை. அது இழுத்துவரும் விவரத்தை ஒரு முறை சரிபார்க்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூலுக்குக்கூட அச்சுப் பிசகாத குறிப்பு எழுதித் தருகின்றன. 2023-இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்திலேயே மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். முன்பெல்லாம் ஒழுங்கான பட்டியல் என்றால் பிள்ளை உழைத்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். இனி அது எதற்கும் அத்தாட்சி இல்லை. போன ஆண்டு என்னிடம் வந்த ஒரு பட்டியல் ஒரு பிழையும் இல்லாமல் அவ்வளவு அழகாக இருந்தது. சந்தேகப்பட்டு ஐந்தைத் தேடினேன். மூன்று கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றில் ஒன்றின் டிஓஐ எண், அதாவது இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் எண், வேறு ஏதோ கட்டுரைக்குப் போனது.

ஆகவே கேட்கிறேன். வாய்மொழித் தேர்வில் பட்டியலிலிருந்து நீங்களே மூன்று குறிப்புகளைச் சுட்டுங்கள். நூலையோ கோப்பையோ திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இருப்பதும் ஆய்வேட்டில் எழுதியதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். இணையத்தில் எடுத்தது என்றால், பார்த்த நாளோடு ஒரு பிரதியும் சேமித்து வைத்திருக்கட்டும். சுட்டிகள் செத்துப்போகும், அது அவர்கள் குற்றமில்லை.

உங்கள் சரிபார்ப்புப் படிவத்தில் "இடது ஓரம் விதிப்படி உள்ளதா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே "மூன்று மேற்கோள்கள் மூலத்தோடு ஒப்பிடப்பட்டனவா?" என்று இன்னொரு கட்டம் சேர்க்க இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். அடுத்த படிவம் அச்சுக்குப் போகும் முன் சொல்லி அனுப்புங்கள். நானே அடுக்கித் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் விதிகளால் பிழைக்கும் ஓர் ஆய்வேட்டு வடிவமைப்பாளர்