250 கிராமுக்குள் ஒரு விமானம்

அன்புள்ள மச்சான்,

முழங்கால் இப்போது தேவலையா? காலை நடையை விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் மூன்று மாதமாக என் வசம். கோலமாவு கொட்டினது மாதிரி எங்கும் மரத்தூள். வீட்டுக்காரி திட்டி ஓய்ந்துவிட்டாள்.

பால்சா என்கிற லேசான மரத்தில், ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானம் கட்டியிருக்கிறேன், சிறகு 90 சென்டிமீட்டர். சிரிக்காதே. அப்பா சிங்கப்பூர் சிலேத்தார் விமானப்படை முகாம் ஸ்டோரில் இருந்தபோது 'மரப்பிளேன், மரப்பிளேன்' என்பாரே, நாம் நம்பவே இல்லை. அது மஸ்கிட்டோ என்கிற போர் விமானம். மெல்லிய பிர்ச் பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டிய உடம்பு. பிரிட்டிஷ் விமானப் படையின் மஸ்கிட்டோ கடைசியாகப் போர்ப் பணிக்குப் பறந்ததும் நம் சிலேத்தாரிலிருந்துதான், 1955 டிசம்பரில். கிழவர் பொய் சொல்லவில்லை.

இந்த வேலையில் எல்லாமே எடைதான். 250 கிராமைத் தாண்டினால் இங்கே சிங்கப்பூரில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிய வேண்டும். அதற்குப் பயந்து என்று நினைக்காதே, கனத்த விமானம் வேகமாக ஓடினால்தான் மிதக்கும், எனக்கு மெதுவாகப் பறப்பதுதான் பிடிக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்கினேன். ஒரே அளவுப் பலகைதான், ஒன்று 11 கிராம், இன்னொன்று 19. அதே மரம்! கனமானதைச் சிறகின் நடுச்சட்டத்துக்கும், லேசானதை விலாக்களுக்கும் வாலுக்கும் ஒதுக்க வேண்டுமாம். நானோ முதலில் கைக்கு வந்ததை வாலுக்கு வெட்டிவிட்டேன்.

முழுதும் பூட்டி நிறுத்தால் 263. வயிறு எரிந்தது. சீசா பலகை ஞாபகம் இருக்கிறதா? வால் தூரத்தில் இருக்கிறது, மூக்கு கிட்டத்தில். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டரை கிராம் ஈயம் கட்ட வேண்டியிருக்கிறது. வாலைப் பிய்த்து எறிந்துவிட்டு, பலகைக்குப் பதில் குச்சிகளால் சட்டம் கட்டினேன். 14 கிராம் 8 ஆனது, மூக்கிலிருந்து 15 கிராம் ஈயமும் இறங்கியது. இப்போது 242. சிறகின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தாண்டி இரண்டு விரலில் ஏந்தினால் ஆடாமல் நிற்கிறது.

இன்னொரு கூத்து. வெள்ளைப் பசை காயுமுன் ஊசிகளைப் பிடுங்கி, சிறகை ஜன்னலோரம் வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் இடது நுனி அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளுடைய ஹேர் டிரையரைக் காட்டினேன். தாள் சுருங்கிச் சிறகை இழுத்து நேராக்கிவிட்டது. ஹேர் டிரையர் விஷயத்தை அவளிடம் உளறிவிடாதே.

ஆனால் இன்னும் பறக்கவில்லை. நாங்கள் இருக்கிற ஈசூனில் ஒரு பக்கம் செம்பாவாங் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் சிலேத்தார் விமான நிலையம். அவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எதையும் மேலே விட முடியாது. வேறு இடத்தில் விட்டாலும் அனுமதி இல்லாமல் 200 அடிதான் உச்சம்.

மலேசியாவில் உங்கள் ஈப்போ பக்கம் இதற்கென்று திடல் ஏதும் உண்டா, அங்கே சட்டம் என்ன என்று உன் மகனிடம் விசாரித்துச் சொல். சிறகு தனியாகக் கழலும். பிளைவுட் பெட்டி ஒன்று செய்துவிட்டேன், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்துவிடலாம். தீபாவளிக்கு முன்னால் என்றால் எனக்கு வசதி.

உன் மச்சான்