ஹோய் ஆன் பாலத்தைக் கெடுத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வியட்நாம் பயணக் கட்டுரையில், ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊரின், கூரை வேய்ந்த ஜப்பானியப் பாலத்தைப் ‘புதுப் பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டீர்கள். மனம் பொறுக்கவில்லை.

2022 டிசம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை நடந்தது பெயின்ட் வேலையா? மேலே தற்காலிகக் கொட்டகை போட்டு, கூரையைப் பிரித்து, நல்ல மரத்தைக் காப்பாற்றி, உளுத்த பகுதியில் மட்டும் மாற்றுமரம் சேர்த்து மறுபடி பூட்டினார்கள். புதுப்பூச்சு பளிச்சென்றுதான் இருக்கும். அந்த ஊர் மழையில் தானே மங்கிவிடும். பழைய சுவரில் சிமென்ட் பூசுவதுதான் கேடு. உள்ளே ஏறிய வெள்ளநீர் வெளியேற வழியின்றி உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும், சுவரில் செருகிய உத்தரத்தின் நுனி உளுக்கும். சுண்ணாம்பு வேலை பார்க்கும் எந்தக் கொத்தனாரும் இதைச் சொல்வார்.

பாலத்தை உண்மையில் கெடுத்தது பிரெஞ்சு ஆட்சி. மோட்டார் வண்டி போவதற்காக வளைந்த தளத்தைத் தட்டையாக்கினார்கள். 1986-இல்தான் வளைவு மீண்டது. கட்டுரையில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை.

இந்த ஊர் என்றாலே உங்களுக்குக் காகித விளக்கும் தையற்கடையும்தான். துறைமுகம் எங்கே போயிற்று? வடகிழக்குக் காற்றில் வந்த சீன, ஜப்பானியக் கப்பல்கள் தென்மேற்குக் காற்றுக்குக் காத்திருந்து திரும்பின. 1635-இல் ஜப்பான் தன் மக்கள் கடல் கடப்பதைத் தடுத்தது. பிறகு துபோன் ஆறு தூர்ந்தது, வணிகம் பக்கத்து டா நாங் துறைமுகத்துக்குப் போனது. பணம் வராததால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த வீடுகளைப் பற்றியாவது எழுதியிருக்கலாம். ஈரம் ஏறாதிருக்கத் தூண்கள் கல் பீடத்தில் நிற்கின்றன. ஃபுங் ஹுங் என்ற பழைய வணிகர் வீட்டின் மாடித் தளத்தில் ஒரு திறப்பு உண்டு. வெள்ளம் வந்தால் சரக்கை அதன் வழியே மேலேற்றுவார்கள். நம் நாட்டு ஓடு போலவே கவிழ்த்தும் மல்லாத்தியும் வேய்ந்த கூரை. ஓர் ஓடு விலகினாலும் நீர் நேரே கைமரத்தில் இறங்கும். மழைக்கு முன்பே ஓடு மாற்றாவிட்டால் கரையான் பிடிக்கும்.

சுமார் 40 கி.மீ. தொலைவில் மீ சன் சிவன் கோயில்கள் இருக்கின்றன. ஹோய் ஆனோடு அதே 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. தமிழ் இதழ் ஒன்று அவற்றை மறந்ததை எப்படி ஏற்பது?

பாலத்துச் சிறு கோயிலைப் படக்குறிப்பு ‘புத்தர் கோயில்’ என்கிறது. அங்கே இருப்பவர் வடதிசைக் காவல் தெய்வம் சான் வூ. அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்தி வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி